ஜூலியட் ஆல்வின்: 71 வயசுல கோர்ஸ் ஆரம்பிச்ச செல்லோக்காரம்மா

கம்பிவாத்தியம்:
மியூசிக் தெரபின்னு தேடினா என்ன வரும்னு எல்லாருக்கும் தெரியும், பிரஷருக்கு ஒரு பாட்டு, தூக்கத்துக்கு ஒரு பாட்டு, எட்டு மணி நேரம் ஓடுற மழைச் சத்தம். அத விடுங்க. இத ஒரு படிப்பா, படிச்சு முடிச்சு ஆஸ்பத்திரியில சம்பளம் வாங்கிப் பாக்கற உத்தியோகமா ஆக்கினது யாருன்னு நோண்டிட்டே போனா பிரிட்டன் கதையில திரும்பத் திரும்ப ஒரே பேருதான் வருது. ஜூலியட் ஆல்வின். தமிழ்ல இவங்களப் பத்தி யாரும் விரிவா எழுதி நான் பாக்கல, அதான் இந்த இழை.

1897ல பிரான்ஸ்ல லிமோஜ்ங்கற ஊர்ல பொறந்தவங்க. பாரிஸ் கன்சர்வேட்வார்ங்கற இசைக் கல்லூரியில செல்லோ (வயலின் மாதிரியே, ஆனா பெருசா, உக்காந்து வாசிக்கற வாத்தியம்) படிச்சு, அப்புறம் பெரிய செல்லோ மேதை பாப்லோ கசல்ஸ்கிட்ட கத்துக்கிட்டு கச்சேரி மேடையில பேர் வாங்கினவங்க. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல இருந்த வில்லியம் ராப்சனக் கல்யாணம் பண்ணிக்கிட்டு லண்டன்லயே இருந்துட்டாங்க. (ராப்சனும் லேசுப்பட்ட ஆள் இல்ல, பொது நிர்வாகத் துறையில பெரிய கை. அது வேற இழைக்கு.) கொழந்தைங்களுக்குன்னே கச்சேரி பண்ணப் போய், அதுல இருந்து ஸ்பெஷல் ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு செல்லோவத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க.

1958ல மியூசிக் தெரபிக்குன்னு லண்டன்ல ஒரு சொசைட்டி ஆரம்பிக்கறாங்க, பின்னாடி பிரிட்டிஷ் சொசைட்டி ஃபார் மியூசிக் தெரபின்னு ஆனது அதுதான். அப்போ அவங்களுக்கு 61 வயசு கணக்கு வருது. 1966ல மியூசிக் தெரபி பத்தி புத்தகம். 1968ல லண்டன்ல இருக்கற இசைக் கல்லூரி கில்ட்ஹால் ஸ்கூல் ஆஃப் மியூசிக் அண்ட் டிராமாவுல மியூசிக் தெரபிக்குன்னு ஒரு வருஷ முதுநிலை கோர்ஸ். 71 வயசு! எல்லாரும் ரிட்டயர் ஆகி உக்காந்துருக்கற வயசுல இந்தம்மா ஒரு தொழிலையே பெத்துப் போட்டுருக்காங்க. 1982ல இறக்கற வரைக்கும் இதேதான்.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம், அவங்க நெனச்சிருந்தா "செல்லோ வாசிச்சு கொழந்தைங்கள மாத்தற மேதை"ன்னு தான் ஒருத்தியாவே பேர் வாங்கிட்டுப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தா அவங்களோடயே அது முடிஞ்சிருக்கும்.

சும்மாஒருத்தன்:
71 வயசுல கோர்ஸா.. நான் 34 வயசுல பேஸ்மென்ட் கிடார தூசி தட்டலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கேன்

நூலகப்பூச்சி:
நல்ல இழை. ஆனா ஒண்ணு சேத்துக்கங்க, "படிப்பா ஆக்கினது"ன்னு பாத்தா அமெரிக்கா முந்திக்கிச்சு. இரண்டாம் உலகப் போர்ல அடிபட்டு வந்த சிப்பாய்ங்க இருந்த ஆஸ்பத்திரியில எல்லாம் இசைக்காரங்க போய் வாசிச்சாங்க, போகப் போக டாக்டருங்களே "சும்மா வந்து வாசிச்சிட்டுப் போனா பத்தாது, பேஷன்ட எப்படிக் கையாளணும்னு தெரிஞ்ச ஆள் வேணும்"னு கேக்க ஆரம்பிச்சாங்க. 1944ல மிச்சிகன் ஸ்டேட்ல டிகிரி படிப்பு வந்துடுச்சு. கன்சாஸ் யுனிவர்சிட்டியில இ. தேயர் கேஸ்டன் 1940கள்லயே ஆரம்பிச்சு, டொபீகாவுல இருந்த மெனிஞ்சர் கிளினிக்ங்கற மனநல ஆஸ்பத்திரியோட சேந்து மாணவர்களுக்கு பயிற்சி குடுத்தாரு. 1950ல தேசிய சங்கம். அங்க கேஸ்டனத்தான் மியூசிக் தெரபியோட தந்தைன்னு சொல்லுவாங்க.

ரெண்டு பேரோட வழியும் வேற வேற. கேஸ்டன் சைக்காலஜி ஆளு, நடத்தை என்ன, அது மாறுச்சா, எவ்வளவு மாறுச்சுன்னு போவாரு. ஆல்வின் மேடையில இருந்து வந்தவங்க, முதல்ல நல்ல இசைக்கலைஞரா இரு, அதுக்கு மேலதான் மத்ததுன்னு போனாங்க. ஐரோப்பாவுல இன்னிக்கும் இம்ப்ரவைசேஷனுக்கு (எழுதி வச்சத வாசிக்காம அந்த நிமிஷமே உண்டாக்கி வாசிக்கறதுக்கு) அவ்வளவு எடம் இருக்குன்னா அதுக்கு இந்த ஆரம்பமும் ஒரு காரணம்.

கம்பிவாத்தியம்:
//அமெரிக்கா முந்திக்கிச்சு//
ஒத்துக்கறேன் ப்ரோ, நான் பிரிட்டன் கதைன்னுதான் போட்டேன். அவங்க ஜப்பானுக்கும் போய்ச் சொல்லிக் குடுத்துருக்காங்க, அங்க இந்தத் துறை வளந்ததுக்கு அவங்க பேரையும் சேத்துதான் சொல்றாங்க.

உச்சிவெயில்:
கதை நல்லா இருக்கு. ஆனா அந்த ஒரு வருஷத்துல அப்படி என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? ஒரு இசைக்கலைஞன ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கும் ஒரு "தெரபிஸ்ட்ட" அனுப்பறதுக்கும் என்ன வித்தியாசம்? யாராவது படிச்சவங்க சொல்லுங்க, விக்கிபீடியாவ நானே படிச்சுக்குவேன்.

தாளக்கட்டை:
நான் படிச்சவ, இங்கிலாந்துல, கில்ட்ஹால்ல இல்ல வேற எடத்துல, வேலையும் இதேதான். என் டீச்சர்ல ஒருத்தங்க ஆல்வின் வழியில வந்தவங்க, அதனால கொஞ்சம் சொல்ல முடியும்.

அந்த முதல் கோர்ஸ் நடந்தப்போ கில்ட்ஹால் இப்ப இருக்கற பார்பிகன்ல இல்ல, பிளாக்ஃபிரையர்ஸ் பக்கம் ஜான் கார்ப்பென்டர் ஸ்ட்ரீட்ல இருந்தது. உள்ள வரவங்க ஏற்கனவே பயிற்சி பெற்ற இசைக்கலைஞர்களா இருக்கணும். மருத்துவம், சைக்காலஜி வகுப்பு ஒரு பக்கம், ஆஸ்பத்திரியிலயும் ஸ்கூல்லயும் பயிற்சி ஒரு பக்கம். இதுக்கு நடுவுல ஆல்ஃபிரட் நீமன்னு ஒரு இசையமைப்பாளர், அவரு ஃப்ரீ இம்ப்ரவைசேஷன் சொல்லிக் குடுப்பாரு. இதுதான் நிறைய பேருக்கு உதறல் எடுக்கற எடம். பத்து பதினஞ்சு வருஷம் நோட்டேஷன் பாத்து பிசிறில்லாம வாசிச்சே பழகினவங்களக் கூப்பிட்டு, ஸ்வரத்தாள எடுத்து வச்சிட்டு, கீ இல்ல, டெம்போ இல்ல, இப்ப வாசிங்கன்னா கை அப்படியே நின்னு போகும். எனக்கே நின்னுச்சு. அழகா வாசிக்கணும்ங்கற பழக்கம் போனாத்தான் எதிர்ல இருக்கறவங்க போடற ஒத்த டொக்குக்குப் பதில் சொல்ல முடியும்.

இசைக்கலைஞன் ஆஸ்பத்திரிக்குப் போனா அவன் வாசிப்பான், பேஷன்ட் கேப்பாரு. தெரபிஸ்ட் போனா பாதி நேரம் பேஷன்ட்தான் வாசிப்பாரு, நாம அதுக்குள்ள நம்மள நுழைச்சுக்கணும். நான் சொல்லக்கூடிய வித்தியாசம் இதுதான் உச்சிவெயில்.

மழைக்கோடு:
தாளக்கட்டை, நீங்க தெரபிஸ்ட்டுன்னா ஒண்ணு கேக்கணும். என் பையனுக்கு ஆட்டிசம், நாங்க இருக்கறதும் இங்கிலாந்துதான். ஸ்கூல்ல மியூசிக் தெரபி வாரம் ஒரு தடவ. டெர்ம் முடிஞ்சதும் ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க, அதுல "டிரம் பக்கம் அதிக நேரம் இருந்தான்"னு இருக்கு. அவ்வளவுதான். நான் அதப் படிச்சிட்டு டிரம் பக்கம் இருந்தா எனக்கென்ன, என்னப் பாத்து அம்மான்னு கூப்பிடுவானான்னு கோவமா இருந்தேன். கொற சொல்லணும்னு கேக்கல, இதெல்லாம் ஏதாவது ஒரு கணக்குல வருதா?

தாளக்கட்டை:
வருதுங்க. ரிப்போர்ட்ட அவங்க இன்னும் வெவரமா எழுதியிருக்கணும், அது வேற. ஆனா "டிரம் பக்கம் இருந்தான்"ங்கறது நேரா ஆல்வின் சொன்ன முதல் படி.

அவங்க பாத்தது இப்படி. முதல்ல கொழந்தைக்கும் பொருளுக்கும் உறவு வரணும், அதாவது வாத்தியத்தோட. ஏன்னா வாத்தியம் எதுவும் எதிர்பார்க்காது, மூஞ்சியப் பாருன்னு சொல்லாது, பதில் சொல்லுன்னு கேக்காது, தட்டினா அதே மாதிரி சத்தம் குடுக்கும். அடுத்து, தான் எழுப்பற சத்தத்துக்குள்ள தன்னையும் பக்கத்துல இருக்கற தெரபிஸ்ட்டையும் கவனிக்கறது. அதுக்கும் அப்புறம்தான் மத்தவங்க, குரூப், குடும்பம். இந்த வரிசையத் தள்ளிட்டு நேரா மூணாவதுக்குப் போகக் கூடாதுங்கறது அவங்க வாதம். விதின்னு எதுவும் வைக்க மாட்டாங்க, கொழந்தையா கேட்டாத்தான் ஒரு தாளமோ பாட்டோ உள்ள வரும். அதனாலதான் 1987ல அமெரிக்காவுல மியூசிக் தெரபிப் பேராசிரியர் கென்னத் புரூசியா இந்த முறைகளையெல்லாம் தொகுத்தப்போ ஆல்வினோடத ஃப்ரீ இம்ப்ரவைசேஷன் தெரபின்னு தனியா வச்சாரு.

ஒரு செஷன் சொல்றேன், அடையாளம் தெரியக்கூடிய எல்லாத்தையும் மாத்திட்டேன். ஒரு பையன், ரூமுக்குள்ள வந்தா சுவத்த ஒட்டியே சுத்துவான். வாத்தியம் எதையும் வாசிக்க மாட்டான், சிம்பல் ஸ்டாண்டோட உச்சியில ஒரு பட்டாம்பூச்சி நட்டு இருக்கும்ல, அத மட்டும் கழட்டுவான் மாட்டுவான், கழட்டுவான் மாட்டுவான். நானும் செல்லோக்காரிதான். அவன் கழட்டும்போது கடைசி தடிக் கம்பியில வில்ல மெதுவா இழுப்பேன், அவன் நிறுத்தினா நானும் நிறுத்துவேன். பல வாரம் இதேதான், எனக்கே சலிப்பா இருந்துச்சு. ஒரு நாள் நட்டக் கையில வச்சிக்கிட்டே கிட்ட வந்து செல்லோவோட பக்கவாட்டுப் பலகையில உள்ளங்கைய வச்சான். அந்த மரம் அதிர்றது கையில நல்லாத் தெரியும். நான் வில்ல நிறுத்தினேன். அவன் கைய எடுக்கல, நட்டால பலகையில டொக்குன்னு ஒரு தட்டு தட்டினான், "ம்ம், போ"ங்கற மாதிரி. செல்லோவுல இன்னும் அந்தக் கீறல் இருக்கு. அன்னிக்கு என் ரிப்போர்ட்லயும் "வாத்தியத்தத் தொட்டான்"னுதான் இருந்துருக்கும், வெளிய இருந்து படிக்கறவங்களுக்கு அதுல ஒண்ணுமே இருக்காது.

அவங்ககிட்ட அடுத்த தடவ ஒரு வீடியோ துண்டு காட்டச் சொல்லிக் கேளுங்க. பெத்தவங்களுக்குக் காட்டறது உண்டு, தயங்காம கேளுங்க.

மழைக்கோடு:
கேக்கறேன் அக்கா. ரொம்ப நன்றி. வீடியோ பத்தி யாரும் சொன்னதே இல்ல.

உச்சிவெயில்:
உருக்கமா இருக்கு, மறுக்கல. ஆனா நான் கல்லு மாதிரி ஒரு கேள்வி கேக்கறவன், யாராவது கேட்டுத்தான் ஆகணும்.

2017ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவ இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 9 நாடு, 364 கொழந்தைங்க, 4 வயசுல இருந்து 7 வயசுக்குள்ள, எல்லாருக்கும் ஆட்டிசம். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்போட இம்ப்ரவைசேஷன் மியூசிக் தெரபி, பாதிப் பேருக்கு அது இல்லாம. அஞ்சு மாசம் கழிச்சு சமூக ஈடுபாடு சம்பந்தமான அறிகுறிகள அளந்தா ரெண்டு குரூப்புக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல. ஆல்வின் வழி, நார்டாஃப் ராபின்ஸ் வழி எதுவா இருந்தாலும் இந்தக் குடைக்குள்ளதான் வரும். அப்ப 1968ல ஆரம்பிச்ச தொழில் எதுமேல நிக்குது?

நூலகப்பூச்சி:
அந்த ஒரு ஆய்வோட நிறுத்தினா எப்படி. 2022ல காக்ரேன் தொகுப்பு (ஒரு சிகிச்சை பத்தின ஆய்வுகள மொத்தமா சேத்துப் பாக்கறது) புதுசா வந்துச்சு, 26 ஆய்வு, 1165 பேர். நீங்க சொன்ன ஆய்வும் அதுக்குள்ள இருக்கு. சிகிச்சை முடியற கட்டத்துல ஒட்டுமொத்த முன்னேற்றம், வாழ்க்கைத்தரம், மொத்த அறிகுறித் தீவிரம் இதுலயெல்லாம் பலன் இருக்கலாம்னு வருது, சமூகப் பழக்கம், பேச்சு, பேச்சில்லாத தொடர்பு இதுலயெல்லாம் தெளிவான வித்தியாசம் இல்ல. பக்க விளைவு அதிகமாச்சுன்னும் வரல. ஆக "ஒண்ணுமே இல்ல"ன்னும் சொல்ல முடியாது, "குணமாக்குது"ன்னும் சொல்ல முடியாது.

தாளக்கட்டை:
உச்சிவெயில் கேக்கறது நியாயமான கேள்வி, எங்க ஆளுங்கள்ல சிலர் அந்த ஆய்வு வந்ததும் அளவுகோல்தான் தப்புன்னு கத்தினாங்க, எனக்கு அது பிடிக்கல. முன்கூட்டியே ஒத்துக்கிட்ட அளவுகோல் அது. என் கருத்து என்னன்னா ஆட்டிசத்தோட அறிகுறியக் குறைக்கறேன்னு விக்கறது நாமளே போட்டுக்கிட்ட கிடுக்கி. நல்லாப் பழகறதுக்கும், தன்னால ஒண்ணு ஆரம்பிச்சு வைக்க முடியும்ங்கற நெனப்புக்கும், வீட்ல இருக்கறவங்க கொழந்தைய வேற மாதிரி பாக்கறதுக்கும் உதவுதான்னு கேட்டா எனக்கு சொல்றதுக்கு நிறைய இருக்கு.

ஆல்வின் காலத்துல இந்த மாதிரி கண்ட்ரோல் குரூப் ஆய்வு எதுவும் கெடையாது, கேஸ் ஸ்டடிதான். ஃப்ராய்டு தாக்கம் வேற ஜாஸ்தி. ஆட்டிசம் பத்தி அந்தக் காலத்து எழுத்த இன்னிக்குப் படிச்சா சில எடத்துல நெளியத்தான் செய்யும். ஆனா ஒண்ணு, அவங்க மாணவர்ல ஒருத்தர் டோனி விக்ரம், 1970கள்ல கில்ட்ஹால்ல அவங்ககிட்ட படிச்சவரு. ஹார்பர்பரி ஆஸ்பத்திரியில வேலை பாத்துட்டு அப்புறம் டென்மார்க்ல ஆல்போர்க் யுனிவர்சிட்டிக்குப் போய் பிஎச்டி படிப்பையே நடத்தினாரு. மியூசிக் தெரபிய ஆய்வு, அளவீடுன்னு இழுத்துட்டுப் போனவங்கள்ல முக்கியமான ஆளு. இன்னொருத்தர் லெஸ்லி பன்ட், அவரு பிரிஸ்டல்ல கோர்ஸ் ஆரம்பிச்சாரு. நீங்க கேக்கற கேள்விய ரொம்ப முன்னாடியே கேட்டவங்க அந்த கில்ட்ஹால் வகுப்புல இருந்துதான் வந்தாங்க.

கம்பிவாத்தியம்:
மேரி பிரீஸ்ட்லியையும் விட்டுடாதீங்க! எழுத்தாளர் ஜே. பி. பிரீஸ்ட்லியோட பொண்ணு, வயலின்காரங்க, முதல் வருஷ கில்ட்ஹால் பேட்ச். படிச்சு முடிச்சிட்டு செயின்ட் பெர்னார்ட்ஸ் மனநல ஆஸ்பத்திரியில வேலைக்குப் போய், ரெண்டு கூட்டாளிங்களோட வாரா வாரம் ஒருத்தர் மேல ஒருத்தர் தெரபி பண்ணிப் பாத்து (ஆமா, தங்களையே சோதனைக்கு வச்சிக்கிட்டு) அனலிட்டிக்கல் மியூசிக் தெரபின்னு தனி வழியே உண்டாக்கிட்டாங்க. டீச்சரோட வழிய அப்படியே காப்பி அடிக்கல பாருங்க. ஒரு வாத்தியாருக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

சும்மாஒருத்தன்:
நார்டாஃப் ராபின்ஸ்னு உச்சிவெயில் அண்ணன் சொன்னாரே அது கம்பெனியா ஆளா

நூலகப்பூச்சி:
ரெண்டு ஆளு. பால் நார்டாஃப் அமெரிக்க இசையமைப்பாளர், கிளைவ் ராபின்ஸ் இங்கிலாந்துல ஸ்பெஷல் ஸ்கூல் வாத்தியார். 1959 வாக்குல வூஸ்டர்ஷைர்ல சன்ஃபீல்டுங்கற கொழந்தைங்க இல்லத்துல சந்திச்சு சேந்தாங்க. ஒருத்தர் பியானோ, இன்னொருத்தர் கொழந்தை பக்கம். அவங்க ஆளுங்க ஒவ்வொரு செஷனையும் டேப்ல ரெக்கார்ட் பண்ணி திரும்பக் கேட்டு, இந்த நிமிஷத்துல இப்படி வாசிச்சேன் கொழந்தை இப்படிப் பண்ணிச்சுன்னு வரி வரியா குறிப்பாங்க. பேரு இன்னும் ஒரு அறக்கட்டளையா லண்டன்ல இருக்கு. அவங்களோட லண்டன் கோர்ஸ் 1974ல வந்தது, கில்ட்ஹாலுக்கு அப்புறம்.

உச்சிவெயில்:
சரி, ஆராய்ச்சி பக்கம் கொஞ்சம் தெளிவாச்சு. இன்னும் ஒண்ணு. எவனாவது நாளைக்கு வாசல்ல போர்டு மாட்டிக்கிட்டு நான் மியூசிக் தெரபிஸ்ட்டுன்னா?

தாளக்கட்டை:
பிரிட்டன்ல முடியாது, சட்டப்படி குற்றம். "மியூசிக் தெரபிஸ்ட்"ங்கற பட்டத்த எச்சிபிசின்னு சொல்ற ஹெல்த் அண்ட் கேர் ப்ரொஃபஷன்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணவங்கதான் போட்டுக்க முடியும். பிசியோதெரபிஸ்ட், ரேடியோகிராஃபர் எல்லாம் இருக்கற அதே லிஸ்ட்.

இதுதான் ஆல்வின் விதைச்சதோட நெஜமான அறுவடைன்னு நான் சொல்லுவேன், ஏன்னா கோர்ஸ் இருந்தாத்தான் யார் படிச்சவங்க யார் படிக்காதவங்கன்னு பிரிக்க முடியும், பிரிச்சாத்தான் சங்கம், சங்கம் இருந்தாத்தான் சம்பளம் கேக்க முடியும். 1976ல தொழில்முறை தெரபிஸ்ட்டுங்களுக்குன்னு தனிச் சங்கம் வந்துச்சு. 1982ல, அவங்க இறந்த அதே வருஷம், என்எச்எஸ்ங்கற அரசு மருத்துவ சேவையில மியூசிக் தெரபிஸ்ட்டுக்குன்னு சம்பளமும் பதவிப் படியும் வந்துச்சு. 1997ல அரசுப் பதிவு. 2011ல அந்தத் தொழில் சங்கமும் ஆல்வின் ஆரம்பிச்ச சொசைட்டியும் ஒண்ணா சேந்து பிரிட்டிஷ் அசோசியேஷன் ஃபார் மியூசிக் தெரபி ஆச்சு.

மத்தபடி எல்லாம் சொர்க்கம்னு நெனச்சிடாதீங்க. ஸ்கூல் பட்ஜெட் வெட்டினா முதல்ல போறது நாங்க. நான் ஒரு எடத்துல ஒன்றரை நாள், இன்னொரு எடத்துல ஒரு நாள்னு ஒட்டுப்போட்டுத்தான் வாரத்த நிரப்பறேன், ஒரு எடத்துல எனக்குக் குடுத்த ரூம் ஜெராக்ஸ் மெஷின் இருக்கற ரூம். நடுவுல கதவத் தட்டி "ரெண்டே ரெண்டு காப்பி"ம்பாங்க.

சும்மாஒருத்தன்:
ஜெராக்ஸ் மெஷினோட இம்ப்ரவைஸ் பண்ணுங்க அக்கா, அதுக்கும் ஒரு தாளம் இருக்கு

தாளக்கட்டை:
பண்ணியாச்சு தம்பி. ஒரு பொண்ணு அந்த மெஷின் ஓடற தாளத்துலயே டாம்பரின் தட்டினா, நான் அதுக்குப் பாட்டு போட்டேன். அந்தக் காப்பி எடுக்க வந்த சாருக்குத்தான் ஒண்ணும் புரியல.

மழைக்கோடு:
😂

வாசல்திண்ணை:
ரொம்ப நேரமா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இங்க அக்கவுண்ட் இல்ல, இப்பதான் போட்டேன். நான் வயலின் டிகிரி முடிச்சவ, இப்ப இங்கிலாந்துல ஸ்பெஷல் ஸ்கூல்ல உதவியாளரா இருக்கேன். இந்தக் கோர்ஸுக்கு அப்ளை பண்ணலாம்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. ஆடிஷன்னு சொல்றாங்க, அதுதான் பயம். என்ன வாசிக்கச் சொல்லுவாங்க? பியானோ எனக்கு சுமார்தான்.

தாளக்கட்டை:
வாங்க வாங்க. இப்ப இது மாஸ்டர்ஸ், பொதுவா ரெண்டு வருஷம், பகுதி நேரமா பண்ணா மூணு வருஷம் இழுக்கும். ஆடிஷன் காலேஜுக்கு காலேஜ் மாறும், ஆனா பெரும்பாலும் உங்க முக்கிய வாத்தியத்துல தயார் பண்ண ஒண்ணு, இன்னொரு வாத்தியமோ குரலோ கொஞ்சம், அப்புறம் அங்கயே ஏதாவது ஒரு சூழ்நிலை குடுத்து இம்ப்ரவைஸ் பண்ணச் சொல்லுவாங்க. இன்டர்வியூ கொஞ்சம் சொந்தமாவே போகும், உங்களுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவீங்கங்கற மாதிரி. படிக்கற காலத்துல நீங்களும் ஒரு தெரபிஸ்ட்கிட்ட சொந்தமா தெரபி போகணும், அதுக்குக் காசு பெரும்பாலும் நம்ம கையில இருந்துதான், அத ஃபீஸோட சேத்துக் கணக்குப் போட்டு வச்சிக்கங்க.

ஸ்கூல்ல வேலை பாக்கறீங்களே, அதுவே பாதி தயாரிப்பு. பியானோவுக்கு கச்சேரி லெவல் வேணாம், ஒரு கொழந்தை பாடற சுருதியத் தேடிப் புடிச்சு மூணு கார்டுல (ஒண்ணா சேத்து அடிக்கற ஸ்வரக் கூட்டம்) அது கூடவே ஓடத் தெரிஞ்சா நல்லது. தெனமும் கொஞ்ச நேரம் ஸ்வரத்தாள் இல்லாம வயலின எடுத்து வாசிங்க, முடிஞ்சா யாரையாவது கூட வச்சிக்கிட்டு, அவங்க மேசையில தாளம் தட்டினாலும் போதும். எந்த காலேஜ்னு முடிவு பண்ணிட்டு எச்சிபிசி அங்கீகாரம் இருக்கான்னு அவங்க தளத்துலயே பாத்துக்கங்க, அதுக்கு முன்னாடி ஓப்பன் டே ஒண்ணுக்குப் போய்ட்டு வாங்க.

வாசல்திண்ணை:
கூட வாசிக்க ஆளு இருக்கு, தங்கச்சி மிருதங்கம். ஆனா அவ தாளம் தவறினா முறைப்பா.

தாளக்கட்டை:
அவளையே கூப்பிடுங்க. முறைச்சா முறைச்சதுக்கே வாசிங்க.